பிரம்பைப் பறித்தோம், பதிலுக்கு என்ன கொடுத்தோம்?

2025 ஜூலையில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு வகுப்பறையைப் பற்றிப் பேச்சு நடந்தது. பெஞ்சுகளை வரிசையாகப் போடாமல் ‘ப’ வடிவில் போடுங்கள் என்று பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போயிருந்தது. ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தில் வரும் காட்சிதான் தூண்டுதல். கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இருக்காது, எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரின் கண்ணில் படுவார்கள் என்பது நோக்கம். நாள் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பியே கரும்பலகையைப் பார்த்தால் கழுத்து வலிக்கும், கண்ணுக்கும் நல்லதல்ல என்று ஒரு பக்கம் எதிர்ப்பு வந்தது. இருபதுக்கு இருபது அடி அறையில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி ‘ப’ போடுவது என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். சில நாட்களிலேயே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

விவாதம் பெஞ்சோடு முடிந்துபோனது. அந்தச் சுற்றறிக்கைக்குள் இருந்த நல்ல கேள்வி அதிகம் பேசப்படவில்லை. ‘மாப்பிள்ளை பெஞ்ச்’ என்று பெயர் வாங்கிய கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைக்கு, இது என் வகுப்பு, இங்கே எனக்கும் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் எப்படி வரும்? அந்த எண்ணம் வராத பிள்ளை வகுப்பில் எப்படி நடந்துகொள்ளும்?

அந்தச் சுற்றறிக்கைக்கு மூன்று மாதம் முன்பு, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர் புத்தகப் பையில் அரிவாளைக் கொண்டுவந்து சக மாணவரை வகுப்பறைக்குள்ளேயே வெட்டினார். தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. ஒரு பென்சிலை முன்னிட்டு இருவருக்கும் ஏற்பட்ட தகராறுதான் தொடக்கம் என்று செய்திகள் சொல்லின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்கு முன் அந்த மாணவர் சில நாட்கள் பள்ளிக்கு வராமல் இருந்தார் என்பதும், காரணம் கேட்ட ஆசிரியர்களிடம் தனக்கு நடப்பதைச் சொன்னார் என்பதும் பிறகு தெரியவந்தன.

இரண்டு சம்பவங்களும் ஒன்றல்ல. நாங்குநேரியில் நடந்தது சாதி வன்கொடுமை. அதை வெறும் மாணவர் சண்டை என்று சுருக்கினால் உண்மை மறைந்துபோகும். ஆனால், இரண்டிலும் ஒரு விஷயம் பொது. பகை ஒரே இரவில் முளைக்கவில்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில், பெரியவர்கள் சூழ்ந்த ஒரு கட்டடத்துக்குள் அது வளர்ந்திருக்கிறது. முளையிலேயே அதைப் பார்க்கவும், பார்த்தபின் கையாளவும் நம் பள்ளிகளில் முறையான ஏற்பாடு இல்லை. காது கொடுத்துக் கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்டபின் அடுத்த படி என்ன என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

தமிழ்நாடு பிரம்பைத் தடைசெய்தது 2003-இல். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-வது விதி அந்த ஆண்டு திருத்தப்பட்டு, பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனை விலக்கப்பட்டது. நாடு முழுமைக்குமான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத் தடுக்கிறது. இந்தத் தடைகள் எல்லாமே சரியானவை. 2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளில் மூவரில் இருவர் அடி வாங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். ஆசிரியரின் அடிக்கு ஆளாகும் மாணவியைப் பற்றிய இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவலைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்த ஆசிரியர்கள் இங்கே ஏராளம்.

இருந்தாலும், “கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் உரிச்சிடுங்க சார்” என்று பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன பெற்றோரின் நம்பிக்கை சட்டத்தால் மாறிவிடவில்லை. அடியாத மாடு படியாது என்ற பழமொழி இன்னும் ஆசிரியர் அறைகளில் உலவுகிறது. அதைச் சொல்கிற ஆசிரியர் கொடியவர் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. ஒரே கருவியோடு வேலை பார்த்துப் பழகிய கையிலிருந்து அந்தக் கருவியை வாங்கிக்கொண்டோம். மாற்றாக எதையும் வைக்கவில்லை. பி.எட். படிப்பில் உளவியலாளர் பியாஜே வருகிறார், எரிக்சன் வருகிறார். மதியம் இரண்டு மணி வெயிலில், மின்விசிறி சுற்றாத அறையில், ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்போது முதல் அரை நிமிடத்தில் எங்கே நிற்க வேண்டும், என்ன குரலில் பேச வேண்டும் என்பது வருவதில்லை.

அந்த வெற்றிடத்தில் வேறு தண்டனைகள் வந்து உட்கார்ந்தன. வெளியே நிற்கவைப்பது, நூறு முறை இம்போசிஷன், பெற்றோரை அழைத்துவந்து எல்லோர் முன்னிலும் பேசுவது, வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண்ணைப் போடுவது, “டி.சி.யைக் கிழிச்சுக் கொடுத்துடுவேன்” என்ற மிரட்டல். பிரிவு பிரிப்பதும் இந்த வகைதான். நன்றாகப் படிப்பவர்கள் எல்லாம் ‘ஏ’ பிரிவு, ‘மெல்லக் கற்போர்’ எல்லாம் கடைசிப் பிரிவு என்று ஆனபின், அந்தக் கடைசிப் பிரிவு முழுவதுமே ஒரு கடைசி பெஞ்சாகிவிடுகிறது.

கொரோனாவுக்குப் பின் 2022 ஏப்ரலில் வந்த காணொளிகளை நினைவுகூரலாம். ஆசிரியரை அடிக்கக் கை ஓங்கிய மாணவர், பெஞ்சுகளைப் போட்டு உடைத்த மாணவர்கள் என்று வடமாவட்டப் பள்ளிகளிலிருந்து அடுத்தடுத்து வந்தன. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றிலிருந்து எட்டு வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பரில்தான். ஏழாம் வகுப்பில் விட்டுப்போன பிள்ளைகள் இடைப்பட்ட காலத்தில் மீசை அரும்பி, சிலர் வேலைக்கும் போய்ப் பணம் பார்த்து, சிலர் வீட்டில் சாவைப் பார்த்து, திரும்பிவந்தார்கள். அவர்களை எதிர்கொண்ட முதல் விஷயம் விடுபட்ட பாடங்களும் தேர்வும். அன்றைக்கு அரசு தரப்பிலிருந்து வந்த பதில், ஒழுங்கீனமாக நடப்பவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் குறிப்பிடப்படும் என்பது. அப்படி ஒரு குறிப்போடு வெளியேறும் பதினைந்து வயதுப் பையனுக்கு அடுத்த பள்ளியின் கதவும் சாத்தப்படும். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அப்படியானால் மாற்று என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது. அவற்றில் பல, நம் வகுப்பறைக்கு அந்நியமானவையே அல்ல.

ஆசிரியர் வெளியே போனதும் வகுப்புத் தலைவன் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி அடிக்கோடிட்டுப் பெயர்களை வரிசையாக எழுதுவது தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் தெரியும். வேண்டாதவன் பெயர் முதலில் ஏறும். நண்பன் பெயர் அழியும். சத்தம் அடங்கும், பகை மிஞ்சும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 1969-இல் ஹேரியட் பாரிஷ், மியூரியல் சாண்டர்ஸ், மான்ட்ரோஸ் வுல்ஃப் ஆகிய மூவர் ஒரு நான்காம் வகுப்பில் கிட்டத்தட்ட இதே பலகையைத் திருப்பிப் போட்டார்கள். வகுப்பை அணிகளாகப் பிரித்தார்கள். யாராவது விதியை மீறினால் புள்ளி அணியின் கணக்கில் விழும், பிள்ளையின் பெயர் எழுதப்படாது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் எல்லா அணிகளுமே ஜெயிக்கலாம். பரிசு பெரிதாக ஒன்றுமில்லை: கொஞ்சம் கூடுதல் ஓய்வு நேரம், சாப்பாட்டு வரிசையில் முதலிடம்.

‘நன்னடத்தை விளையாட்டு’ என்று பெயர் பெற்ற இந்த எளிய முறையை 1980-களின் நடுவில் பால்டிமோர் நகரத்தின் 19 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் 19 முதல் 21 வயதை எட்டியபோது திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். முதல் வகுப்பில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பையன்களில், இந்த வகுப்புகளில் படித்தவர்களிடம் போதைப் பழக்கமும் வன்முறைப் போக்கும் மற்ற வகுப்புகளில் படித்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஆறு வயதில் ஓராண்டோ இரண்டாண்டோ வகுப்பில் நடந்த ஒன்று, இளைஞனான பிறகும் தடம் விட்டிருக்கிறது. இதை இங்கே கொண்டுவருபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணி தோற்றதற்கு ஒரே பிள்ளையின் மேல் பழி போடும் நிலை வந்தால், ஆசிரியர் உடனே அணிகளைக் கலைத்து மாற்ற வேண்டும். விளையாட்டைவிட அந்தக் கண்காணிப்புதான் முக்கியம்.

நாங்குநேரிக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் இருக்கிறது. 1971-இல் அங்கே வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளியினர் பிள்ளைகள் முதல் முறையாக ஒரே வகுப்பில் உட்காரவைக்கப்பட்டார்கள். பள்ளி வளாகத்தில் அடிதடி. சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சனை அழைத்தார்கள். அவர் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். தெரிந்த நாலு பேர் கை தூக்குகிறார்கள். ஒருவர் சொல்லத் தடுமாறினால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். அடுத்தவன் தோற்றால்தான் தனக்கு வாய்ப்பு என்று வகுப்பே கற்றுக்கொடுக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அவர் செய்த மாற்றம் நீதிபோதனை அல்ல. ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்கள் போட்டார். ஒரு பாடத்தை அத்தனை துண்டுகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தேர்வு முழுப் பாடத்துக்கும் உண்டு. ஜோசப் புலிட்சரின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு பாடத்தில், ஆங்கிலம் சரளமாக வராத மெக்சிகோ வம்சாவளிச் சிறுவன் தன் பகுதியைச் சொல்லத் திணறினான். குழுவினர் கேலி செய்தார்கள். மேற்பார்வையிட்டவர் அவர்களைத் திட்டவில்லை. கேலி செய்வது உங்கள் விருப்பம், ஆனால் அவனுக்குத் தெரிந்த பகுதி உங்களுக்கும் தெரிய அது உதவாது, தேர்வோ வரப்போகிறது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார். சில நாட்களில் அந்தக் குழு அவனிடம் கேள்வி கேட்டுக் கேட்டு விஷயத்தை வரவழைக்கக் கற்றுக்கொண்டது. பதில் சொல்லச் சொல்ல அவன் பேச்சும் திருந்தியது. அவனைப் பற்றிய அவர்கள் எண்ணமும் மாறியது.

இந்த முறைக்குக் காசு வேண்டாம். பாடநூலின் ஐந்து பக்கங்கள் போதும். தமிழ்நாட்டில் சமூக அறிவியல் பாடம் ஒன்றை இப்படி நடத்த எந்த அரசாணையும் தடையில்லை. குழுவை யார் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டால் தெருவாரியாகப் பிரிந்து உட்காருவார்கள். தெருவாரியாகப் பிரிவது என்பது நம் ஊர்களில் சாதிவாரியாகப் பிரிவதுதான்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது என்ற பரிந்துரை தலைப்புச் செய்தியாகி, அதைச் சுற்றியே அரசியல் சண்டை நடந்தது. அதே அறிக்கையில், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும், 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் பரிந்துரைகள் உண்டு. கயிற்றை அறுப்பது ஒரு நாள் வேலை. வகுப்பறையில் யார் பக்கத்தில் யார், யாரோடு சேர்ந்து யார் வேலை செய்வது என்பதை ஆண்டு முழுக்கக் கவனிப்பதுதான் கடினமான வேலை, பலன் தருவதும் அதுவே.

வகுப்பு வேலைகளை யார் செய்கிறார்கள் என்று பார்த்தாலே அந்த வகுப்பின் சமூகம் தெரிந்துவிடும். பெருக்குவது பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்குவது பையன்கள், ஆசிரியருக்குத் தண்ணீர் கொண்டுவருவது முதல் பெஞ்சு. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்தில், பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை சுத்தம் செய்யவைத்ததாக ஒரு தலைமையாசிரியை மீது வழக்குப் பதிந்து கைது செய்தார்கள். கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. ஆனால், கரும்பலகை துடைப்பது, விளக்கை அணைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வராத பிள்ளைக்குப் பாடக்குறிப்பு எடுத்துவைப்பது போன்ற பொறுப்புகளை வருகைப்பதிவு எண் வரிசையில், ஆண் பெண் பேதமில்லாமல், வாரம் ஒருமுறை மாற்றிக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த அறையின்மேல் உரிமை வருகிறது. தன் கையால் துடைத்த பலகையில் கிறுக்க யாருக்கும் எளிதில் மனம் வராது.

இதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் புதிதா? இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகை வந்தது. வருகையைப் பிள்ளைகளே பதிந்தார்கள். இன்று வெயிலா மழையா என்று அவர்களே குறித்தார்கள், பல் தேய்த்தாயிற்றா, நகம் வெட்டியாயிற்றா என்று ஆரோக்கியச் சக்கரத்தில் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கற்றல் அடைவு பற்றி அந்த முறையின்மீது விமர்சனங்கள் வந்தன. அவற்றில் நியாயமும் இருக்கலாம். ஆனால், கையில் வேலையும் சுவரில் இடமும் உள்ள பிள்ளையை அதட்ட வேண்டிய தேவை குறைந்தது என்பதை அந்த நாட்களில் அந்த வகுப்புகளுக்குள் போனவர்கள் கண்டார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அந்த அனுபவத்தை நாம் முழுமையாகக் கொண்டுபோகவில்லை.

காலை உணவுத் திட்டத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த திட்டம் அது. பதினோரு மணிக்குச் சுருண்டு படுக்கும் பிள்ளை, காரணமில்லாமல் எரிந்துவிழும் பிள்ளை என்று ஆசிரியர்கள் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்த்ததில் ஒரு பகுதி பசி. உப்புமாவும் பொங்கலும் செய்யும் வேலையை எந்த அறிவுரையும் செய்துவிடாது.

பசிக்கு அடுத்தபடி பிள்ளைக்குத் தேவைப்படுவது, தன்னைக் கவனித்துக் கேட்கிற ஒரு பெரியவர். முதல் பள்ளியிலிருந்து முதல் வகுப்பிலேயே வெளியேற்றப்பட்ட டோட்டோ-சான் புதுப் பள்ளிக்கு வந்த அன்று, தலைமையாசிரியர் கோபயாஷி அவள் பேசி முடிக்கும்வரை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார் என்பது தமிழாசிரியர் வட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் உண்மைக் கதை. டெட்சுகோ குரோயாநாகி எழுதிய அந்த நூல் தமிழில் பல பதிப்புகள் கண்டிருக்கிறது. படித்து நெகிழ்கிற ஆசிரியர் மறுநாள் வகுப்புக்குப் போகிறார்; ஐம்பது டோட்டோ-சான்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பாடவேளை நாற்பது நிமிடம். நாலு மணி நேரத்துக்கு எங்கே போவார்?

இந்த நியாயமான கேள்விக்கு நேரடியான பதில் தேவை. தினமும் காலையில் வகுப்பாசிரியர் தன் வகுப்போடு பதினைந்து நிமிடம் உட்காரலாம். வட்டமாக உட்கார இடமில்லை என்றால் இருந்த இடத்திலேயே. நாளுக்குப் பத்துப் பேர் பேசினால் ஐம்பது பேருக்கும் வாரத்துக்குள் முறை வந்துவிடும். நேற்று வீட்டில் என்ன நடந்தது, இன்று எப்படி வந்திருக்கிறாய், நேற்று இந்த வகுப்பில் உனக்குப் பிடிக்காதது என்ன. பேச மனமில்லாத பிள்ளை ‘இன்னைக்கு வேண்டாம் டீச்சர்’ என்று சொல்லிவிட்டு உட்காரலாம். சின்னப் பிள்ளைகள் சிரித்த முகம், வாடிய முகம், கோப முகம் வரைந்த அட்டைகளில் ஒன்றின் கீழே பெயர்ச்சீட்டை வைத்துவிடலாம். மூன்று நாள் தொடர்ந்து வாடிய முகத்தின் கீழே ஒரே பெயர் இருந்தால் அந்தப் பிள்ளையை மதியம் தனியாகக் கூப்பிட்டு “என்னப்பா ஆச்சு?” என்று கேட்க ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பென்சில் தகராறுகள் வெளியே வருகிற இடம் இதுதான்.

வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்ற உடன்பாட்டையும் ஜூன் முதல் வாரத்தில் அந்த நேரத்திலேயே பிள்ளைகள் எழுதலாம். ஆசிரியர் எழுதி ஒட்டுகிற விதிகளை மீறுவதில் ஒரு வீரம் உண்டு. தாங்களே கைநாட்டு வைத்த விதியை மீறினால், கேட்க முன்வருவது சக மாணவர்கள். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ திட்டம் இந்த இழையைத்தான் பிடித்தது. ஒருவன் இன்னொருவனைத் துன்புறுத்தும்போது அவனுக்குப் பலம் தருவது சுற்றி நின்று சிரிக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் நகர்த்தினால் துன்புறுத்தல் குறையும் என்று கிறிஸ்டினா சால்மிவாலி தலைமையிலான குழு பெரிய அளவில் சோதித்துக் காட்டியது. 2009-இல் அது பின்லாந்து முழுக்கப் பரவத் தொடங்கியது.

‘போர்ஷன் முடிக்கவே நேரமில்லை’ என்ற பதில் வரும். பி.இ.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கிப் பழகிய பள்ளிகளில் அது இன்னும் உரக்க வரும். 2011-இல் ஜோசப் டர்லக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 213 பள்ளித் திட்டங்களை, 2,70,034 மாணவர்களின் தரவுகளோடு தொகுத்து ஆராய்ந்தார்கள். உணர்வுகளையும் உறவுகளையும் கையாளக் கற்றுக்கொடுத்த பள்ளிகளில் நடத்தைப் பிரச்சினைகள் குறைந்ததோடு, கல்வி அடைவும் 11 சதமான நிலை உயர்ந்திருந்தது. அதாவது, அந்த நேரம் பாடத்திலிருந்து திருடப்பட்ட நேரம் ஆகவில்லை. மறுபக்கம், 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆய்வு இருக்கிறது: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் 3.79 லட்சம் மாணவர்களிடம் கேட்டதில், 81 விழுக்காட்டினர் தங்கள் பதற்றத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் முடிவும் என்றார்கள். அதே ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. எந்தப் போர்ஷனை முடிப்பதற்காக இந்தப் பிள்ளைகளிடம் பேசாமல் இருக்கிறோம்?

கனிவாகப் பேசினால் வகுப்பு தலைக்குமேல் ஏறிவிடும் என்ற பயமும் உண்மையானது. கண்டிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெஞ்சை உடைத்த பிள்ளை, ஆசாரியோடு உட்கார்ந்து அதைச் செப்பனிட உதவட்டும். அடித்த பிள்ளை, அடிபட்ட பிள்ளையின் எதிரே உட்கார்ந்து என்ன நடந்தது என்று அவன் சொல்வதை முழுக்கக் கேட்கட்டும்; எப்படி ஈடுசெய்வது என்று இருவரும் பேசி முடிவுசெய்யட்டும். அடிபட்டவனுக்கு விருப்பம் இருந்தால் மட்டுமே அந்தச் சந்திப்பு நடக்க வேண்டும். முட்டிபோட்டு நிற்பதைவிட அது கடினமான தண்டனை. சாதித் தாக்குதல், பாலியல் சீண்டல், ஆயுதம் என்று வரும்போது சமரசப் பேச்சுக்கு இடமே இல்லை. அங்கே சட்டமும் 1098 (குழந்தைகள்), 14417 (பள்ளிக் கல்வி) உதவி எண்களும்தான் முதல் படி. இரண்டுக்கும் இடையே உள்ள கோட்டை ஆசிரியர் தெளிவாக அறிந்திருக்கப் பயிற்சி வேண்டும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகும். பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி இருக்கிறது. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாக்கும் ‘மகிழ் முற்றம்’ 2024-இல் வந்திருக்கிறது. ஐந்திணைப் பெயரில், சாதியும் பிரிவும் கடந்து பிள்ளைகளைக் கலக்கும் நல்ல யோசனை அது. கலைத் திருவிழாக்கள் நடக்கின்றன. டெல்லி அரசு 2018-இல் எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பாடவேளையை ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ என்று ஒதுக்கிக் காட்டியது. குறை எங்கே என்றால், இங்கே ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டமாக, தனித்தனிப் பதிவேடாக, புகைப்படம் எடுத்து எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) தளத்தில் ஏற்ற வேண்டிய இன்னொரு வேலையாக ஆசிரியரிடம் வந்து சேர்கிறது. பிள்ளையோடு பேச வேண்டிய நேரம், பேசியதாகப் பதிவேற்றும் நேரமாகிறது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மெமோ வருகிறது. ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் காப்பாற்றியதற்கு ஆசிரியரை யாரும் கேட்பதுமில்லை, பாராட்டுவதுமில்லை. அவமதிப்போடு தலைமையாசிரியர் அறையிலிருந்து வகுப்புக்கு வருபவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம் என்பதையும் துறை யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. காலைப் பதினைந்து நிமிடத்தை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புகளுக்கும் கால அட்டவணையில் எழுத்தில் ஏற்ற வேண்டும். அதைப் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புக்குக்கூடக் கடன் கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிவேடும் புகைப்படமும் கேட்கக் கூடாது. பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புகளில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் மாணவ ஆசிரியர்கள், பாடம் நடத்துவதைப் போலவே ஒரு சண்டையைப் பேசித் தீர்ப்பதையும் அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டும். மதிப்பெண் வாரியாகப் பிரிவு பிரிப்பதை அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றி நிறுத்த வேண்டும். நீதிபதி சந்துரு குழு கேட்ட பள்ளி நல அலுவலர்களை நியமிக்க வேண்டும்; வகுப்பாசிரியரால் தீர்க்க முடியாததை நம்பி ஒப்படைக்க, அதே வளாகத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்று வைத்தால், தினம் பதினைந்து நிமிடம் என்பது 50 மணி நேரம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக் கல்வித் துறை கல்வியாண்டு நாட்காட்டியை வெளியிடுகிறது. காலாண்டுத் தேர்வு எப்போது, அரையாண்டு எப்போது, விடுமுறை எப்போது என்று அதில் இருக்கிறது. இந்த 50 மணி நேரத்துக்கு அதில் ஒரு வரி சேர்க்கத் தனி நிதி தேவையில்லை. நிதி ஒதுக்க வேண்டியது ஆசிரியர் பயிற்சிக்கும் நல அலுவலர்களின் சம்பளத்துக்கும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தொகை வருகிறதா என்று பெற்றோர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் தங்கள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.